நேராத விபத்தும் நேர்ந்த இம்சையும்

சென்ற ஆண்டு தை மாதத்தில் எம் உறவினர் இல்லத் திருமண வரவேற்பு, மாமல்லபுரத்திற்கு வடக்கே கடற்கரையோர விடுதி ஒன்றில் நடைபெற்றது. விருந்து முற்றிலும் நம் முறைப்படியே அமைந்தது. பொழுது சாயுமுன் உண்ணும் நியமம் உடைய பெரியவர்களுக்கென மாலை ஐந்தரை மணிக்கே தனிப் பந்தி இட்டிருந்தனர். பெண் வீட்டாரின் அந்தக் கவனத்தை வந்தோர் அனைவரும் பாராட்டினர். அதே விடுதியின் மறுகோடியில், தென்னை மரங்களுக்கு அப்பால், மணமகனின் அலுவலக நண்பர்களுக்கென வேறோர் ஏற்பாடும் இருந்தது. அதனைப் பற்றி எவரும் பேசவில்லை. பேசாமலே அனைவரும் அறிந்திருந்தோம்.

இரவு பத்தரை மணியளவில் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவன் என் தமக்கையின் மகன். நல்ல பிள்ளை, பெற்றோரிடத்தும் பெரியோரிடத்தும் பணிவுடையவன், பர்வ நாள்களில் ஒருபொழுது இருப்பவன். அன்று அவன் தென்னை மரங்களுக்கு அப்பாலிருந்துதான் வந்தான். வாயில் ஏலக்காய் மணம் இருந்தது. அதனை மீறிய மணமும் இருந்தது. என் தமக்கை முன்னிருக்கையில் அமர்ந்த உடனே கண்ணயர்ந்துவிட்டாள். "மாமா, நிதானமாகத்தான் ஓட்டுகிறேன், நீங்கள் சாய்ந்து கொள்ளுங்கள்" என்றான். நான் சாய்ந்து கொண்டேன்.

பூஞ்சேரி கடந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்கு வரும் சாலை அது. திருக்கழுக்குன்றத்திற்கு முன்னதாக ஒரு வளைவில், எதிரே ஒரு டி.வி.எஸ். மொபெட்டில் கணவனும் மனைவியுமாக இருவர் வந்தனர். பின்னால் அமர்ந்திருந்த அம்மையாரின் மடியில் வெறும் பூக்கூடை. எங்கள் வண்டி வளைவைப் பிடிக்கத் தவறி அவர்கள் பக்கம் சென்றது. அந்த மனிதர் கணநேரத்தில் மொபெட்டை மண் ஓரத்தில் இறக்கிவிட்டார். அவ்வளவுதான். எங்கள் வண்டி அவர்களைத் தொடவில்லை. அவர்களுடைய விளக்கு சாயாமல் நின்றதைப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. என் தமக்கை விழிக்கவுமில்லை.

பங்குனியில் அவ்வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிக்கும் தாள் வந்தது. எங்கள் வீட்டில் இவ்வகைத் தாள்களைப் படித்துக் கையொப்பம் வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு ஏதும் கோராமைக்காக, சொந்தச் சேதக் கட்டணத்தில் ஐம்பது விழுக்காடு தள்ளுபடி அளிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். "பார்த்தீர்களா மாமா, ஐந்து வருடமும் அப்பழுக்கில்லை" என்று சிரித்தான். அவன் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. மது அருந்தி வண்டி ஓட்டியவனுக்கு அவ்வாண்டே அப்பழுக்கற்றவன் என்னும் நற்சான்றும் பணமும் கிடைப்பது எவ்வாறு? அந்தத் தாளில் பொய் ஏதும் இல்லை. பொய் இல்லாத தாள் ஒன்று உண்மையைச் சொல்லாமல் இருப்பது எங்ஙனம்?

வாசகர்களுள் பலரும் ஊர்தி வைத்திருப்பவர்களே எனினும், இக்காப்பீட்டின் அமைப்பைச் சற்று விளக்குதல் நலம். நம் நாட்டில் ஊர்திக் காப்பீடு இரு பகுதிகளால் ஆனது. ஒன்று, நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்கிற்கானது. இதனை மூன்றாம் நபர் காப்பீடு என்பர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இஃது ஒவ்வோர் ஊர்திக்கும் கட்டாயம். இதற்கான கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி அமைக்க இயலாது, அரசே விதிக்கிறது. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அட்டவணையில், ஆயிரம் கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட பொறியுடைய சொந்தக் காருக்கு ரூ.2,094, ஆயிரத்து ஐந்நூறு வரை ரூ.3,416, அதற்கு மேற்பட்டதற்கு ரூ.7,897 என்று விதித்தனர். பொறியின் அளவைக் கேட்கும் அந்த அட்டவணை, ஓட்டுபவன் யார், எப்படிப்பட்டவன் என்று கேட்பதில்லை. மற்றொரு பகுதி, நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கானது. இதில் இழப்பீடு கோராத முதல் ஆண்டிற்கு இருபது விழுக்காடு, பின்னர் இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என ஏறி, ஐந்தாம் ஆண்டில் ஐம்பது விழுக்காடு தள்ளுபடி தருகின்றனர். இப்பகுதியும் ஓட்டுபவனின் ஒழுக்கத்தைக் கேட்பதில்லை. அவன் பணம் கேட்டு வந்தானா என்பதனை மட்டுமே கேட்கிறது.

ஆகவே, மது அருந்தி வண்டி ஓட்டிக் காவலரிடம் பிடிபட்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டியவனும்கூட, வண்டிக்குச் சேதம் இல்லையெனில், அடுத்த ஆண்டு அதே தள்ளுபடியைப் பெற்றுக்கொள்ளலாம். தண்டம் சிறிதன்று. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லி கிராமுக்கு மேல் மது காணப்பட்டால் குற்றம் என்கிறது அச்சட்டத்தின் 185ஆம் பிரிவு. முன்னர் இரண்டாயிரம் ரூபாயாக இருந்த அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பத்தாயிரம் ஆயிற்று. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் காவல் நிலையத்து ஏடும் காப்பீட்டு நிறுவனத்து ஏடும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

மதுவைக் காப்பீடு பொருட்படுத்துவது, சேதம் நேர்ந்த பின்னர்தான். 2007 டிசம்பர் 22ஆம் நாள் விடியற்காலையில் தில்லி இந்தியா கேட் அருகே விலையுயர்ந்த போர்ஷே வண்டி ஒன்று மோதித் தீப்பற்றி அழிந்தது. ஓட்டியவரிடம் மது வாடை வீசியது என்று மருத்துவச் சான்று கூறியது. மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்யப்படவில்லை. இழப்பீடு தர நிறுவனம் மறுத்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சோதனை எண் இல்லாவிடினும், நள்ளிரவு கடந்த வெறுஞ்சாலையில் வண்டி மோதிய விதமும் மது அருந்தியமைக்கான சான்றும் சேர்ந்தே போதுமானவை என்பது அத்தீர்ப்பின் சாரம். வண்டியை இழந்தவர்க்கு அது சரியான விடைதான். அவர் இழந்தது தம் பொருளை.

தெருவில் நடந்து சென்றவர் அடிபட்டால் நிலை வேறு. குடித்தவனின் குற்றத்திற்காக அடிபட்டவரின் குடும்பம் வெறுங்கையுடன் திரும்புதல் நியாயமாகாது. ஓட்டுபவன் குடித்திருந்தான் என்பதனை நிறுவனம் எடுத்துச் சொல்லக்கூடிய எதிர்வாதங்களுள் ஒன்றாக 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துள்ளது. எனினும், முதலில் பாதிக்கப்பட்டவர்க்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அத்தொகையை உரியவரிடம் வசூலித்துக் கொள் என்னும் முறையையே கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அண்மை ஆண்டுகளில் பின்பற்றியுள்ளன. இதில் ஓர் அறநுட்பம் உண்டு. துன்புற்றவரின் கண்ணீருக்கு முதலிடம். குற்றவாளியுடனான கணக்கு அதன் பின்னர்.

இவை யாவும் மோதல் நேர்ந்த பின்னர் எழும் கேள்விகள். என் தமக்கை மகனின் கதை மோதல் நேராத கதை. நம் மரபு இவ்விடத்தில் காப்பீட்டை விடக் கூர்மையாகக் கண் வைத்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பிரமாதம் என்னும் சொல்லை இன்று நாம் மிக நன்று என்னும் பொருளில் வழங்குகிறோம். அன்றைய வரவேற்பிலும் விருந்து பிரமாதம், இசை பிரமாதம் என்று பலர் சொல்லக் கேட்டேன். நம் ஆகமங்களில் அச்சொல்லுக்குப் பொருள் அசட்டை, கவனமின்மை, மயக்கம். உமாசுவாமி தத்வார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, உயிரைப் போக்குதல் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்று முற்பட வைத்தார். ஆசாரிய குந்தகுந்தரோ பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். எதிரிலுள்ள உயிர் மடிந்ததா பிழைத்ததா என்பதனைப் பொறுத்தன்று. கவனமின்றி நடந்தவனுக்கு இம்சை உறுதி, கவனத்தோடு நடந்தவனுக்குத் தற்செயலாய் ஓர் உயிர் வருந்தினாலும் அதனால் மட்டும் பந்தம் இல்லை என்பது அவர் கொண்ட கருத்து. ஆண்டுதோறும் பொன்னூர்மலை ஏறி அவர் திருவடிகளை வணங்கி வருகிறோம். வந்தவாசிச் சாலையில் திரும்பி வருகையில் அக்கருத்து நம்முடன் வண்டியில் ஏறுகிறதா என்பது வேறு.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. ஒரு நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழம் தூரம், முன்னே நிலத்தைப் பார்த்துப் பார்த்து அடி வைக்க வேண்டும். காலால் நடப்பவர்க்கே அத்துணை எச்சரிக்கை. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் இருபத்திரண்டு மீட்டர் கடக்கிறது. மதுவால் மூளை அரை நொடி தாமதித்தால் பதினொரு மீட்டர்; ஏறத்தாழ ஆறு நுகத்தடித் தூரம், பார்க்காமல் கடந்த நிலம். அதில் எறும்பும் இருக்கலாம், பூக்கூடையோடு ஓர் அம்மையாரும் இருக்கலாம்.

ஆக, அன்றிரவு அவ்வளைவில் திரவிய இம்சை நேரவில்லை. பாவ இம்சை, அதாவது அகத்தே நிகழும் இம்சை, மாமல்லபுரத்திலிருந்தே தொடங்கி நேர்ந்துகொண்டிருந்தது. காப்பீட்டு நிறுவனம் திரவியத்தை மட்டும் எண்ணும் கணக்கன். நடக்கவிருந்த இழப்பை அவன் காணமாட்டான். நடவாமற் போனதற்குக் காரணம் மொபெட்டுக்காரரின் கைத்திறன் என்பதும் அவனுக்குத் தெரியாது. அவருடைய கைத்திறனுக்குரிய ஐம்பது விழுக்காடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்படியானால் குடித்து ஓட்டியவனின் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்திவிட்டால் முடிந்ததா? பிற நாடுகள் பலவற்றில் அவ்வாறே செய்கின்றனர். இங்கிலாந்தில் இக்குற்றத்திற்குத் தண்டனை பெற்றால் அதன் குறிப்பு ஓட்டுநர் உரிமத்தில் பதினோர் ஆண்டுகள் நிற்கும். ஐந்தாண்டு வரை காப்பீட்டு நிறுவனங்கள் அதனைக் கேட்கும். மறைத்தால் காப்பீடே செல்லாததாகலாம். நம் பிள்ளைகள் பலர் வாழும் கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் ஒரு சட்டம் கொண்டு வந்தனர். கட்டணத்தை முடிவு செய்வதில் ஓட்டுபவரின் நடத்தைக்கே முதலிடம் என்றும், நல்லோட்டுநர் தகுதி பெற்றவர்க்கு இருபது விழுக்காடு தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்றும் அது வகுத்தது. மது அருந்தி ஓட்டித் தண்டனை பெற்றவர் அத்தள்ளுபடியைப் பத்தாண்டுகளுக்கு இழப்பார். அங்கே ஒரு பார்ட்டிக்குப் பின்னர் பிடிபட்ட தம் நண்பரைப் பற்றி உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, "அபராதம் ஒரு முறை மாமா, இன்ஷூரன்ஸ் வருடா வருடம் வந்து ஞாபகப்படுத்துகிறது" என்றார்.

நம் நாட்டிலும் இதற்கொரு முயற்சி உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த பணிக்குழு ஒன்று 2021 ஜனவரியில் ஒரு வரைவை வெளியிட்டது. போக்குவரத்து விதிமீறல் ஒவ்வொன்றிற்கும் புள்ளி. புள்ளிகளுக்கேற்பக் கூடுதல் கட்டணம். தவறான இடத்தில் வண்டியை நிறுத்தினால் பத்துப் புள்ளி, குடித்து ஓட்டினால் நூறு. முதலில் தில்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றனர். நாடு முழுமைக்குமான நடைமுறையாக அது வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றே முதலில் எண்ணினேன். சிந்திக்கச் சிந்திக்க மூன்று தயக்கங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றை இன்னும் கடக்க முடியவில்லை.

பிடிபடுபவர் யார் என்பது முதல் தயக்கம். மதுக்கடை வாசலிலிருந்து புறப்படும் கொத்தனாரின் இருசக்கர வண்டியைச் சந்தியில் நின்று ஊதச் சொல்வது எளிது. கடற்கரை விடுதியின் வாயிலிலிருந்து கண்ணாடி ஏற்றிய காரில் புறப்படுபவரை நிறுத்துவது அத்துணை எளிதன்று. கட்டணம் குற்றத்தைப் பின்தொடராமல் பிடிபடுதலைப் பின்தொடரும். 2022ஆம் ஆண்டு நம் நாட்டில் நேர்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் தமிழ்நாட்டின் பங்கு 64,105; எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முதலிடம். நம் மாநிலச் சாலைகளில் அவ்வாண்டு மாண்டோர் 17,884 பேர். ஆனால் நாடு முழுவதும் மதுவே காரணம் என்று பதிவானவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இக்கணக்கை நம்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சனிக்கிழமை இரவு பயணம் செய்து பார்க்கலாம். ஊதச் சொல்லாத இடத்தில் மது இல்லை என்றே ஏடு எழுதிக்கொள்கிறது.

காப்பீடே இல்லாமல் ஓடும் வண்டிகளைப் பற்றியது இரண்டாவது. நம் சாலைகளில் ஓடும் ஊர்திகளில் ஏறத்தாழப் பாதிக்கு நடப்புக் காப்பீடு இல்லை என்று அரசுத் தரப்பிலேயே பலமுறை கூறியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். மூன்றாம் நபர் கட்டணத்தைக் குற்றத்திற்கேற்ப ஏற்றினால், ஏற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் புதுப்பிக்காமலே விட்டுவிடுவர். அதன் பின்னர் அவர்களால் அடிபடுபவர்க்கு யார் கொடுப்பது? குடித்தவனைத் தண்டிக்கப் புகுந்து, நாளை அவனால் விழப்போகிறவரின் பாதுகாப்பைப் பறித்ததாகும்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மூன்றாவது. கட்டணம் என்பது விலை. விலை கொடுத்தவன், கொடுத்ததற்கு உரிமை பெற்றதாகவே எண்ணுவான். ஆண்டுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கட்டினால் போதும் என்றால், அவ்விடுதியில் ஓர் இரவு அறைக்கே அதைவிடப் பன்மடங்கு கொடுப்பவர்க்கு அது தடையாகுமா, அனுமதிச் சீட்டாகுமா? வினையை விலைக்கு விற்கவோ வாங்கவோ இயலாது என்பது நம் கொள்கை. ஒருவர் வினையை மற்றொருவர் நுகர்வதும் இல்லை. காப்பீடோ பலர் சிறிது சிறிதாக இட்ட பொருளால் ஒருவரின் இழப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. இழப்பைப் பங்கிடுதல் கருணை, அதில் குறையில்லை. ஆனால் அப்பங்கீட்டில் அசட்டையும் ஓசையின்றிப் பங்காகிவிடுகிறது. ஒரு துளி மதுவும் அருந்தாத ஆசிரியரும், மாலையிலேயே வண்டியைக் கொட்டிலில் விட்டுவிடும் முதியவரும், நள்ளிரவில் தடுமாறுபவனும் ஒரே அட்டவணைப்படி ஒரே தொகை இடுகின்றனர். இதனை நியாயம் என்றும் சொல்ல மனம் வரவில்லை.

இவ்விரண்டு சங்கடங்களுக்கும் இடையே எனக்குத் தோன்றுவது ஒன்று. கூடுதல் விலை விதிப்பது வேறு. தகுதியில்லாத வெகுமதியை நிறுத்துவது வேறு. பிறர்க்கான காப்பீட்டை எவர்க்கும் எட்டும் விலையிலேயே வைத்திருக்க வேண்டும். அஃது அடிபடுபவரின் உரிமை. ஆனால் சொந்தச் சேதப் பகுதியில் தரும் தள்ளுபடி, நீ நன்கு ஓட்டுகிறாய் என்னும் பாராட்டு. நீதிமன்றம் ஒருவனைக் குடித்து ஓட்டியவன் என்று தீர்த்த பின்னர் அப்பாராட்டைத் தொடர்வது பொய்ச் சான்றுக்கு ஒப்பானது. பல ஆண்டுகளுக்கு அதனை நிறுத்திவைக்கலாம். கலிபோர்னியாவில் செய்வதன் உட்பொருளும் ஏறத்தாழ இதுவே. பாராட்டை இழந்தவன் எதையும் வாங்கியவன் ஆகான். ஆதலின் உரிமை கொண்டாடவும் இடமில்லை. சினத்தால் விதிக்கப்படும் தண்டனையில் தண்டிப்பவர்க்கும் கஷாயம் சேரும். உண்மையை உள்ளபடி எழுதி வைப்பதில் அது இல்லை. எனினும் முதல் தயக்கம் இதற்கும் பொருந்தும் என்பதனை மறைக்கவில்லை. பிடிபடாதவனுக்குப் பாராட்டு தொடரும். எங்கள் வீட்டில் தொடர்வது போல.

இதுவரை ஓட்டியவனைப் பற்றியே பேசினேன். செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்று சிறு பிள்ளைகளுக்கும் பாடசாலையில் கற்பிக்கிறோம். செய்வித்தலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையிலேயே வைத்திருக்கும் அரசுதான் குடித்து ஓட்டுபவர்க்கு அபராதமும் விதிக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றதே. அதனால் மறு ஆண்டு நம் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இடம் பெயர்ந்தோ மூடியோ போயின. சிற்றூர்களுக்கு அத்தூரம் இருநூற்றிருபது மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்குத் தடை பொருந்தாது என்றும் பின்னர் விளக்கம் வந்தது. மனிதன் நடந்து கடக்கும் தூரம் அது. தென்னை மரங்களுக்கு அப்பாலுள்ள ஏற்பாட்டிற்கோ எவரும் அளவுநாடா பிடிப்பதில்லை. விருந்தளித்த நம்மவர் செய்வித்தவர் பட்டியலில் இல்லையா என்பதனை அடுத்த திருமணத்திற்கு நாள் பார்ப்போர் எண்ணிப் பார்க்கட்டும்.

உடன்படலைப் பற்றித்தான் எழுதவே தொடங்கினேன். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்வோர் மீதும் வழக்குத் தொடரப்படும் என்று அறிவித்தபோது பலர் சினந்தனர். ஓட்டுபவன் குடித்தால் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான் என்றனர். நானும் அவ்வாறே பேசியவன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு நெடுநாளாகவே உடந்தையைக் குற்றமென்று வைத்திருப்பது அன்று எனக்குத் தெரியாது. உடன் அமர்ந்திருத்தல் மட்டுமே சட்டப்படி உடந்தையாகுமா என்பது வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. நான் அறிந்திருந்தேன். சாவியைக் கேட்டிருக்கலாம், விடுதியில் ஓட்டுநர் ஒருவரை அமர்த்தியிருக்கலாம், நான் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாலே அவன் நிறுத்தியிருப்பான். பிள்ளை மனம் புண்படும், அவன் தாய் அறிந்தால் வருந்துவாள், மங்கல நாளில் ஏன் பேச்சு என்று எண்ணினேன். இவை யாவும் நல்லெண்ணங்கள் போலவே தோன்றின.

சித்திரை பிறந்த பின்னர் ஒரு நாள் அவனைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தத் தள்ளுபடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா, மாமா?" என்று கேட்டான். படிவத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். பொறி எண் கேட்டிருந்தனர். அடிச்சட்ட எண் கேட்டிருந்தனர். சென்ற ஆண்டு இழப்பீடு கோரியதுண்டா என்று கேட்டிருந்தனர். இவனுக்குரிய கட்டம் அதில் இல்லை. அவ்வளவு தொகையை அவனே மருந்து தானத்திற்குக் கொடுத்தான். கொடுத்துவிட்டு வந்தவன் முகத்தில் தெளிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. இப்போது அவன் மாலை விருந்துகளுக்கு வண்டி எடுப்பதில்லை. அருந்துவதை விட்டானா என்று நான் கேட்கவில்லை.

என் பங்கிற்கு நான் வைகாசியில் ஒரு காலை பேருந்தேறித் திருக்கழுக்குன்றம் சென்றேன். மலையடிவாரத்தில் பூ விற்போர் வரிசையாக அமர்ந்திருந்தனர். மாமல்லபுரம் பக்கம் பூ விற்றுவிட்டு இரவில் மொபெட்டில் திரும்பும் தம்பதியர் எவரேனும் உண்டா என்று விசாரித்தேன். "அப்படி ஏழெட்டுக் குடும்பம் போகுது சாமி, யாரைக் கேக்கறீங்க?" என்றாள் ஒரு மூதாட்டி. தை மாதத்து அந்த நாளைச் சொன்னேன். இரவு பதினொரு மணிக்கு வளைவருகே ஒரு கார் இடிக்க வந்ததைச் சொன்னேன். அவள் தொடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திச் சற்று யோசித்தாள். பக்கத்துக் கடைக்காரியிடமும் கேட்டாள்.

"அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆவலையே" என்றாள்.